அப்பாவின் சட்டைப் பைக்கு ஒரு கேமரா! எட்டாயிரம் ரூபாயில் அக்காவும் தம்பியும் தேடிய பரிசு

அப்பாக்களுக்குப் பரிசு வாங்குவது லேசான காரியமில்லை. வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தால், "பீரோவுல ஏற்கெனவே நாலு இருக்கே" என்பார்கள். வாட்ச் வாங்கிக் கொடுத்தால், விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று டப்பாவோடு உள்ளே போய்விடும். போன் வாங்கிக் கொடுத்தால், "நீ வெச்சுக்க பாப்பா, எனக்கு உன்னோட பழசு போதும்" என்று முடிந்துவிடும்.

மன்னார்குடியைச் சேர்ந்த ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் இதே கவலை. அக்கா சென்னை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையிலேயே ஒரு கூரியர் அலுவலகத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்பா, அரசுப் பேருந்தில் நடத்துநர். ஜனவரி 31-ம் தேதியோடு பணி ஓய்வு. பிப்ரவரியில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம்.

பரிசுக்குச் சேர்ந்த தொகை 8,000 ரூபாய். அக்கா 5,000, தம்பி 2,000. மீதி 1,000, அம்மாவின் சிறுவாட்டுப் பணம். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்ற நிபந்தனையோடு, ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவுக்குள் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக அது வந்து சேர்ந்தது.

என்ன வாங்குவது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கேமரா. சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி, ஒல்லியாக.

புளியமரம் கொடுத்த யோசனை

அதற்குக் காரணம், தீபாவளியன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்ன ஒரு வார்த்தை.

மன்னார்குடி - தஞ்சாவூர் தடத்தில் அவருக்கு 19 வருட சர்வீஸ். வழியில் சாலையோரம் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. பஸ் பழுதாகி நின்றால் பயணிகளை இறக்கி உட்கார வைத்த நிழல் அது. சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தபோது, காலை டிரிப்பில் இருந்த மரம் மத்தியானம் திரும்பும்போது இல்லை. "அத ஒரு போட்டோ புடிச்சு வெச்சிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ரசம் கேட்டார்.

போட்டோ ஆசை அவருக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் நண்பரின் யாஷிகா கேமராவை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, ஒரு ரோல் போட்டு, 36 படம் எடுத்தவர். வேளாங்கண்ணி கடற்கரையில் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இன்றும் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அந்த 36 படத்தோடு சரி. ரோல், கழுவும் செலவு, பிரின்ட் செலவு என்று கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட்டவர். அப்புறம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு வந்தது.

"அந்தக் காசுக்கு போனே வாங்கலாம்ல?"

தம்பி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"இப்ப யாருக்கா தனியா கேமரா வாங்குறா? இந்தக் காசுக்கு போனே வரும். கேமராவும் அதுலயே இருக்கு."

"போனுதான் அவருகிட்ட இருக்கே. அதுல எத்தன போட்டோ எடுத்திருக்காருன்னு நீயே பாருடா."

தீபாவளி லீவில் தம்பி அப்பாவின் போன் கேலரியைத் திறந்து பார்த்தார். குட் மார்னிங் ரோஜாக்களும் சாமி படங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அப்பா எடுத்தவை மொத்தம் 11. அதில் ஏழு அவர் கட்டைவிரலும் சட்டைப் பையும்.

அப்பாவின் வலது கையில் மூன்று வருடமாக லேசான நடுக்கம். பயப்பட ஒன்றுமில்லை, வயதோடு வருவது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிக்கெட் மெஷினில் பட்டனை அழுத்தத் தடையில்லை. ஆனால் டச் ஸ்கிரீனில் விரல் இரண்டு தடவை படும். படம் எடுக்கப் போனால் வீடியோ ஓட ஆரம்பிக்கும். அதற்குள் டெப்போவிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். "பட்டன்னா அமுக்கிடுவேன். இது தொட்டாச்சிணுங்கியால்ல இருக்கு" என்று போனை உள்ளே வைத்துவிடுவார்.

தம்பி சொன்னதிலும் நியாயம் உண்டு. விலை குறைந்த ஸ்லிம் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் சென்சாரின் அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் பாகம் இதுதான். இன்றைய நல்ல போன்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. கூடவே, போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து மெருகேற்றிவிடும். சாயங்கால வெளிச்சத்தில் எட்டாயிரம் ரூபாய் கேமராவும் முப்பதாயிரம் ரூபாய் போனும் போட்டி போட்டால், போன்தான் ஜெயிக்கும்.

ஆனால், கேமராவுக்கென்று மூன்று பலம் இருக்கிறது. ஒன்று, ஆப்டிகல் ஜூம். லென்ஸ் உண்மையிலேயே வெளியே நீண்டு தூரத்தில் இருப்பதை அருகில் கொண்டுவரும். விலை குறைந்த போன்களில் ஜூம் என்பது பெரும்பாலும் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இரண்டு, ஃபிளாஷ். போனில் இருப்பது சின்ன டார்ச். கேமராவில் இருப்பது கண் இமைக்கும் முன் பளிச்சென்று வெடித்து அணையும் செனான் விளக்கு. மூன்று, விரலுக்குத் தட்டுப்படுகிற, அழுத்தினால் 'கிளிக்' என்று உள்ளே போகிற நிஜமான பட்டன்.

அப்பாவுக்கு வேண்டியது அந்த மூன்றாவது.

ஸ்லிம் கேமராவின் கதை

உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் கோடாக் நிறுவனத்தின் இன்ஜினீயர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். எடை மூன்றரை கிலோவுக்கும் மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் டேப்பில் பதிய 23 விநாடி பிடித்தது. அதன் தெளிவு 0.01 மெகாபிக்ஸல். 2002-ல் கேசியோவின் எக்ஸிலிம் எஸ்1 வந்தபோது கேமராவின் தடிமன் 11.3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. அதன்பிறகு கேனான் இக்சஸ், சோனி சைபர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ் என்று கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு யாராவது ஒருவர் கையில் கயிறு மாட்டிய குட்டிக் கேமரா தொங்கியது.

2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டதாக ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிபாவின் கணக்கு சொல்கிறது. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. குட்டிக் கேமராக்களின் வேலையை போன்கள் எடுத்துக்கொண்டதுதான் காரணம். 2018-ல் கேசியோ குட்டிக் கேமரா தொழிலை விட்டே வெளியேறியது.

இந்தக் கணக்கு ஒரு பரிசை எப்படி பாதிக்கிறது? விலை குறைந்த ஸ்லிம் கேமராவில் பெரிய நிறுவனங்கள் புதிய மாடல்கள் விடுவது அபூர்வமாகிவிட்டது. சமீப வருடங்களில் இளைஞர்கள் மறுபடி இவற்றைத் தேட ஆரம்பித்ததால், பழைய மாடல்களின் விலையும் ஏறியிருக்கிறது. அந்த இடைவெளியில் வேறு ஒரு சரக்கு புகுந்துவிட்டது.

பெட்டியில் 48... உள்ளே?

அந்தச் சரக்குதான் முதலில் தம்பியின் கண்ணில் பட்டது. ஆன்லைனில் 2,799 ரூபாய். '48 மெகாபிக்ஸல், 16எக்ஸ் ஜூம், 4கே வீடியோ' என்று போட்டிருந்தது. ஐயாயிரம் மிச்சம் என்ற சந்தோஷத்தில் ஆர்டர் செய்தார்.

பெட்டி வந்தது. கையில் எடுத்தால் சோப்பு டப்பா மாதிரி கனமே இல்லை. ஆன் செய்தால் லென்ஸ் அசையவில்லை. ஃபிளாஷ் என்ற இடத்தில் ஒரு எல்.இ.டி பல்பு. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், எதிர் வீட்டு ஜன்னல் கம்பிகள் தண்ணீரில் கரைந்ததுபோலத் தெரிந்தன.

இது எப்படி நடக்கிறது? உள்ளே இருப்பது சின்ன சென்சார். அது பிடிக்கும் புள்ளிகளுக்கு நடுவே, மென்பொருள் தானாகக் கணக்குப் போட்டு மேலும் புள்ளிகளை நிரப்பிவிடும். எண்ணிக்கை 48 ஆகிவிடும். தெளிவு மட்டும் கூடாது. 16எக்ஸ் என்பதும் டிஜிட்டல் ஜூம்தான். தம்பி கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பினார். ஐந்து நாளில் பணம் திரும்பி வந்தது.

மெகாபிக்ஸல் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போதும். ஸ்டூடியோவில் போடும் 4-க்கு 6 இன்ச் பிரின்ட்டுக்கு, இன்ச்சுக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1200-ஐ 1800-ஆல் பெருக்க வேண்டும். 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி. அதாவது இரண்டேகால் மெகாபிக்ஸல்கூட இல்லை. சுவரில் மாட்டும் 8-க்கு 12 இன்ச் படத்துக்கு ஒன்பது மெகாபிக்ஸல் தாராளம். குடும்பப் படம் எடுக்க பத்து மெகாபிக்ஸலுக்கு மேல் எவ்வளவு போட்டிருந்தாலும் அது பெட்டிக்கு அழகு, அவ்வளவுதான்.

நடுங்கும் கைக்கு எந்த மாடல்?

இந்த இடத்தில்தான் அக்காவின் கணக்கு எழுதும் பழக்கம் உதவியது. ஒரு நோட்டில் அப்பாவைப் பற்றி முதலில் எழுதினார்: கை நடுங்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மாடல்களின் பெயர்.

கை நடுக்கத்துக்கு மருந்து, ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன். கை ஒருபக்கம் அசைந்தால், அதை உணர்ந்து உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். 'டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன்' என்று போட்டிருந்தால் அந்தக் கண்ணாடி இல்லை. மென்பொருள்தான் சமாளிக்கப் பார்க்கும்.

சோனியின் டபிள்யூ800, டபிள்யூ830 இரண்டும் 2014-ல் வந்தவை. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டும் 20.1 மெகாபிக்ஸல். ஆனால் 800-ல் ஐந்து மடங்கு ஜூம், டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன். 830-ல் எட்டு மடங்கு ஜூம், ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன். கேனானிலும் இதே கதை: இக்சஸ் 185-ல் டிஜிட்டல், இக்சஸ் 190-ல் ஆப்டிகல். பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம். பரிசை வாங்கிக்கொள்ளும் கைக்கு அதுதான் எல்லாமே.

சோனி 830-ன் தடிமன் இரண்டேகால் சென்டிமீட்டர். பேட்டரியோடு எடை 122 கிராம். காக்கிச் சட்டைப் பையில் அடங்கும். மெனுவில் எழுத்துகளைப் பெரிதாக்கி, வேண்டாததை மறைத்துவிடும் 'ஈஸி மோட்' உண்டு. யு.எஸ்.பி வயர் மூலம் சார்ஜ் ஏறும். அக்கா அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். புதியது கிடைப்பது அரிதாகிவிட்டதால், செகண்ட் ஹேண்ட்தான் வழி.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில், மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சின்னக் கடை. கண்ணாடி அலமாரியில் இருபது பழைய கேமராக்கள். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது டபிள்யூ800. "அதேதான் மேடம், கலர்தான் வேற" என்றார். அக்கா நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டாவதாக 830 வந்தது. விலை 6,000 என்றார்.

தம்பி ஒவ்வொன்றாகச் சோதித்தார். பத்து முறை ஆன், ஆஃப். லென்ஸ் திக்காமல் வந்து போகிறதா, கரகரவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். மணல் புகுந்த லென்ஸ் பாதியில் நின்றுவிடும். ரிப்பேர் செலவு கேமரா விலையைத் தொடும். வெள்ளைச் சுவரை முழு ஜூமில் ஒரு படம் எடுத்தார். உள்ளே தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். பேட்டரி மூடியைத் திறந்து, தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்தார். தேதியைச் சரிசெய்து, பேட்டரியைக் கழற்றி மாட்டி, தேதி மறக்காமல் இருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரி. பேட்டரி மட்டும் லேசாக உப்பியிருந்தது.

அதைக் காட்டிப் பேசியதில் விலை 5,200-க்கு இறங்கியது. ஏழு நாள் மாற்றிக் கொடுக்கும் உறுதியோடு பில்லும் வாங்கிக்கொண்டார்கள். புது பேட்டரி 600, 16 ஜிபி கார்டு 450, உறையும் கைக்கயிறும் 150, அம்மாவின் போனில் படங்களைப் பார்க்க ஒரு கார்டு ரீடர் 200. மொத்தம் 6,600. மிச்சம் 1,400 ரூபாயை அக்கா தனிக் கவரில் போட்டு, 'பிரின்ட்' என்று எழுதி வைத்தார்.

உள்ளே இருந்த நாலு படம்

அன்று ராத்திரி கார்டு போடாமல் கேமராவை ஆன் செய்தபோது, திரையில் ஒரு குழந்தை சிரித்தது.

இந்த மாதிரி கேமராக்களில் கொஞ்சம் சொந்த நினைவகமும் உண்டு. கார்டு இல்லாதபோது படம் அதில் பதியும். பழைய சொந்தக்காரர்கள் அதை மறந்திருக்கிறார்கள். ஒன்று என்று எண் போட்ட மெழுகுவத்தி, கேக், தாத்தா மடியில் குழந்தை. நாலே நாலு படம். கடைக்காரரிடம் போன் செய்து கேட்டார்கள். மொத்தமாக எடுத்த சரக்கு, யாருடையது என்று தெரியாது என்றார்.

"அழிச்சிடவாக்கா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். இந்தப் படம் வேறெங்காவது அவர்களிடம் இருக்குமோ, என்னவோ. ஆனாலும் அடுத்தவர் வீட்டுக் குழந்தையின் படத்தை நாம் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அவரே ஃபார்மேட் செய்தார். வீட்டில் பழைய கேமரா இருந்து, அதை விற்கவோ எடைக்குப் போடவோ நினைப்பவர்கள், கார்டை எடுத்துவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிடுவது நல்லது.

எப்போது கொடுப்பது?

"திருக்கடையூர்ல மேடையில வெச்சுக் குடுத்தா நாலு பேரு பாப்பாங்க" என்றார் அம்மா. அக்கா யோசித்தார். பிப்ரவரியில் கொடுத்தால், அப்பா கையில் கேமரா இருக்கும்; பஸ் இருக்காது. அவர் 19 வருடம் பார்த்த சாலையும் டிரைவரும் டீக்கடையும் ஜனவரி 31-ம் தேதியோடு முடிந்துவிடும்.

மாட்டுப் பொங்கலன்றே கொடுத்துவிட்டார்கள். அப்பா முதலில் கேட்டது விலையை. யாரும் சொல்லவில்லை. பட்டனை அழுத்தினார். லென்ஸ் வெளியே வந்ததும் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பிறகு சிரித்தார்.

"இதுல எத்தன ரோல் புடிக்கும்?"

தம்பி கணக்குப் போட்டார். 16 ஜிபி கார்டில் சுமார் 2,000 படம். 36-ஆல் வகுத்தால் 55 ரோல்.

"அம்பத்தஞ்சா..." என்றவர், அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்று விஷயம் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். கயிறு எப்போதும் மணிக்கட்டில் இருக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு விநாடி டைமர் வைத்து, பட்டனை அழுத்தியபின் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அழுத்தும்போது வரும் அசைவு அந்த இரண்டு விநாடியில் அடங்கிவிடும்.

நீங்களும் வாங்கப்போகிறீர்களா?

* 'ஆப்டிகல் ஜூம்' என்ற வார்த்தையும், ஆன் செய்தால் வெளியே வரும் லென்ஸும் இருக்கிறதா பாருங்கள்.
* வயதானவர்களுக்கு என்றால் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் கட்டாயம். பெரும்பாலான ஸ்லிம் கேமராக்களில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் கிடையாது. வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள்.
* ரொம்பப் பழைய மாடல் என்றால் எந்த கார்டு என்று கேளுங்கள். 2006-க்கு முந்தைய கேமராக்கள் பலவற்றில் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்.டி கார்டு வேலை செய்யாது. எக்ஸ்.டி கார்டு கேட்கும் பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்களைத் தவிருங்கள். அந்த கார்டு தயாரிப்பிலேயே இல்லை.
* பேட்டரி மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது இப்போது கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு கேமராவை வாங்குங்கள்.
* பில் இல்லாமல் வாங்காதீர்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* மொத்தப் பணத்தையும் கேமராவிலேயே போட்டுவிடாதீர்கள். பேட்டரிக்கும் கார்டுக்கும் பிரின்ட்டுக்கும் கொஞ்சம் வையுங்கள்.

கடைசிப் பதினைந்து நாள்

முதல் இரண்டு நாள் எடுத்ததில் பாதிக்கு மேல் ஆடியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து டைமர் பழகிவிட்டது. டிரிப்புக்கு நடுவே, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில்தான் எடுப்பார். டீ ஆற்றும் மாஸ்டர். பூக்கூடையோடு தினமும் ஏறும் ஆயா. ஸ்டியரிங்கில் தலைசாய்த்திருக்கும் டிரைவர். புளியமரம் இருந்த இடத்தையும் எடுத்திருக்கிறார். படத்தில் தார் ரோட்டைத் தவிர ஒன்றுமில்லை.

வார லீவு நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே தடத்து பஸ்ஸில் பயணியாக ஏறினார். இறங்கியது வடுவூரில். மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே இருக்கும் அந்த ஏரி ஒரு பறவைகள் சரணாலயம். 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பறவைகள் கூட்டமாக வரும். அந்த ஊரில் தினமும் விசில் கொடுத்து ஆட்களை இறக்கி ஏற்றிய அப்பா, ஏரிக்கரைக்கு நடந்து போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. எட்டு மடங்கு ஜூமிலும் நாரைகள் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்தன. அம்மா கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் படம் பளிச்சென்று வந்திருந்தது.

31-ம் தேதி கடைசி டிரிப்பில், டிரைவர் கேமராவைக் கேட்டு வாங்கினார். "எல்லாரையும் எடுத்தீங்க, நீங்க நில்லுங்கண்ணே" என்று, படிக்கட்டில் பையோடு நின்ற அப்பாவை ஒரு படம் எடுத்தார்.

பிப்ரவரி முதல் வாரம் மன்னார்குடி ஸ்டூடியோவில் 60 பிரின்ட் போட்டார்கள். கவரில் இருந்த 1,400 ரூபாயில் 900 செலவானது. படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் அம்மா அதைச் சொன்னார். இத்தனை வருடம் காக்கிச் சட்டை போட்டவர், அடையாள அட்டையைத் தவிர, அந்தச் சட்டையோடு வீட்டில் ஒரு படம்கூட இல்லை. படிக்கட்டில் நிற்கும் இந்தப் படம்தான் முதல். வேளாங்கண்ணி படத்துக்குப் பக்கத்தில் இப்போது அது தொங்குகிறது.

அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார் அப்பா.

"பாப்பா, இந்த பேட்டரி இன்னொண்ணு என்ன வெல வரும்? நாளைக்குப் பத்தாதுபோல."

அப்பா பிள்ளைகளிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. கவரில் இன்னும் 500 ரூபாய் இருந்தது. மீதி 100-ஐத் தம்பி போட்டுக்கொண்டார்.